92,000 சொல் நாவல்: வெட்டுவதா, பிரிப்பதா?

வணக்கம். ஆங்கில நாவலுக்குச் சொல்லும் 80,000 முதல் 1,00,000 சொல் என்ற கணக்கை வைத்துத்தான் உங்கள் 92,000 சொல் சரியான அளவு என்று நினைத்திருக்கிறீர்கள். அச்சுச் செலவைக் கேட்டதும் இரண்டு பாகமாக்கலாமா என்று யோசனை வந்திருக்கிறது. அந்தக் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. உருபு, துணைவினை எல்லாம் ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளம். டெம்மி அளவில் (நாவல்களுக்கு வழக்கமான புத்தக அளவு) பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல்தான் பிடிக்கும். உங்களுடையது 400 பக்கத்தைத் தாண்டிவிடும். பிரிண்ட் ஆன் டிமாண்டில் (ஆர்டர் வரும்போது மட்டும் பிரதி அடிக்கும் முறை) பக்கம் கூடக்கூட விலையும் ஏறும். புதியவரின் தடித்த புத்தகத்தைக் கையில் எடுக்கவே பலர் தயங்குவார்கள்.

பிரிக்க வேண்டாம். கதை பாதியில் நின்றால் இரண்டாம் பாகத்துக்கு வாசகர் மிஞ்சமாட்டார். முதல் ஐந்து அத்தியாயங்களைத் திரும்பப் படியுங்கள்; ஊர் வரலாறு, தாத்தா கதை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கொட்டிக் கிடக்கும் (நம் எல்லோருக்கும் உள்ள வியாதி). 60,000 சொல்லுக்கு இறங்கினால் 300 பக்கத்தில் அடங்கும். ஆனால் நாவல் நிஜமாகவே 92,000 கேட்டால் வெட்டாதீர்கள், விலையை ஏற்றுங்கள்.

கிண்டில் மின்நூலில் அச்சுச் செலவு இல்லாததால் இந்தக் கவலை குறைவு. ஆனால் கிண்டில் அன்லிமிட்டெடில் (வாசகர் சந்தா கட்டிப் படிக்கும் திட்டம்) படித்த பக்கங்களுக்குத்தான் பணம் என்பதால், வெறும் நீளம் காசாகாது.

அப்புறம், ஆஃப்செட்டில் (ஒரே தடவையில் நிறையப் பிரதி அடிக்கும் முறை) அடிப்பதாக இருந்தால் மொத்தப் பக்கம் 16இன் மடங்காக வருகிறதா என்று அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.