கோர்ஸ் ஒர்க் இல்லாத பிஎச்டி: ட்ரெஸ்டன் வர்ற தம்பிக்கு

மதுரையில எம்எஸ்சி முடிச்சிட்டு ஜெர்மனியில இருக்கிற ட்ரெஸ்டனுக்கு செல்சவ்வு பிஎச்டி ஆராய்ச்சிக்கு வர்றேன், இங்க கோர்ஸ் ஒர்க்கே (வகுப்பு, பரிட்சை) கிடையாதாமே, அப்புறம் யார்தான் சொல்லித் தருவாங்கன்னு கேட்டிருந்தீங்க.

கேட்டா எல்லாரும் சொல்லித் தருவாங்க தம்பி. கேக்கலைன்னா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. நான் பட்டதைச் சொல்றேன்.

சேர்ந்த புதுசுல செயற்கைச் சவ்வுக் குமிழி செய்யச் சொன்னாங்க. குளோரோஃபார்ம்ல கரைஞ்ச லிப்பிடை (சவ்வு செய்யற கொழுப்பு), ஊர் லேப் பழக்கத்துல பிப்பெட்ல பிளாஸ்டிக் முனை போட்டு எடுத்தேன். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்ல இருக்கிற அழுக்கையும் இழுத்துட்டு வந்துரும்; கண்ணாடி சிரிஞ்சுலதான் எடுக்கணும். அது நான் கோட்டை விட்ட முதல் இடம். குமிழிக்குள்ள சுக்ரோஸ், வெளியில குளுக்கோஸ் விடுவோம். சுக்ரோஸ் கரைசல் கனம், அதனால குமிழி அடியில போய் உக்காரும், பாக்க வசதி. ஆனா ரெண்டோட ஆஸ்மோலாரிட்டியும், அதாவது கரைஞ்சிருக்கிற துகள்களோட செறிவும், ஒத்துப் போகணும். நான் அளக்கவே இல்லை. வெளியில நீர்த்துப் போய், தண்ணி உள்ள ஏறி எல்லாம் வெடிச்சிருச்சு. மூணு வாரம் மைக்ராஸ்கோப்ல வெறும் இருட்டு.

பக்கத்து மேசை ஜெர்மன் பொண்ணு இதையெல்லாம் தினம் பாத்துட்டுதான் இருந்துச்சு. கடைசியில வெக்கத்தை விட்டுக் கேட்டேன். அஞ்சே நிமிஷத்துல ரெண்டு தப்பையும் காட்டிட்டு, "நீ கேக்கலையே"ன்னுச்சு. தலையிட்டா என்னை மட்டம் தட்டின மாதிரி ஆயிடுமேன்னு சும்மா இருந்துச்சாம்! புரொஃபசரும் அப்படித்தான். நாம மரியாதைக்குப் பேசாம நின்னா, வேலை நல்லா ஓடுதுன்னு நினைச்சுக்குவார். உங்க பிஎச்டியை மேற்பார்க்கிற கமிட்டியோட மீட்டிங்குக்குச் சொதப்பின டேட்டாவையும் எடுத்துட்டுப் போங்க. அதுலதான் அவங்க உக்காந்து பேசுவாங்க.

வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேப்பர் படிங்க: செல்சவ்வோட அமைப்பைப் பத்தின சிங்கர்–நிக்கல்சன் 1972, அப்புறம் சைமன்ஸ்–இக்கோனென் 1997. ரெண்டாவதுதான் லிப்பிட் ராஃப்ட் பேப்பர்; சில லிப்பிடுங்க ஒண்ணாக் கூடி சவ்வுல தெப்பம் மாதிரி மிதக்கும்ங்கிற கருத்து. காய் சைமன்ஸ் இந்த ஊர் மேக்ஸ் பிளாங்க் செல் உயிரியல் நிறுவனத்தைத் தொடங்கின இயக்குநர்கள்ல ஒருத்தர். ராஃப்ட் சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்ல தெரியாத அளவுக்குச் சின்னது, அதான் அது நிஜமாவே இருக்கான்னு அத்தனை வருஷமா சண்டை. செமினார்ல அந்த வார்த்தையைச் சொன்னீங்கன்னா, "எப்படி அளந்தே?"ன்னு ஒரு கை கண்டிப்பா உயரும்.

சம்பளம் பெரும்பாலும் 65 சதவீத கான்ட்ராக்ட்தான், அதாவது முழுச் சம்பளத்துல 65 சதவீதம், வேலை என்னமோ முழுசு. ஒத்த ஆளுக்குப் போதும். பல்கலைக்கழக கான்ட்ராக்ட்னா வருஷம் 30 நாள் லீவு, கூச்சப்படாம எடுங்க.

சேர்ந்த முதல் வாரமே, ஆஸ்மோலாரிட்டி அளக்கிற ஆஸ்மோமீட்டர் எந்த ரூம்ல இருக்குன்னு கேட்டு வெச்சுக்கங்க.