களாப்பழ ஜெல்லி ஏன் உறையவில்லை?

கேள்வி: எங்களுடையது ஒரு ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம். வேலியோரம் களாச்செடிகள் தானாகவே வளர்ந்து நிற்கின்றன. உரம், மருந்து எதுவும் போட்டதில்லை. நன்றாகக் கறுத்த பழமாகப் பார்த்துப் பறித்து, குடும்பமே உட்கார்ந்து ஜெல்லி செய்தோம். பாகு போல ஓடுகிறது. செடிகளைப் பெருக்கி, 'ஆர்கானிக்' என்று லேபிள் ஒட்டி விற்க ஆசை. வழி சொல்லுங்கள்.

பதில்: நன்றாகக் கறுத்த பழமாகப் பறித்தீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான். ஜெல்லியை உறையவைக்கும் பெக்டின், காய் சிவந்து பழுக்கத் தொடங்கும் பருவத்தில்தான் நிறைய இருக்கும். கனியக் கனியக் குறைந்துவிடும். அதனால் செங்காய் பெரும்பங்கும், நிறத்துக்காகக் கறுத்த பழம் கொஞ்சமும் சேர்த்து வேகவையுங்கள். சாற்றைப் பிழியாமல் துணியில் தானாக வடியவிடுங்கள்; பிழிந்தால் கலங்கும்.

சர்க்கரை போடுமுன் ஒரு சோதனை. ஆறிய சாறு ஒரு ஸ்பூன், எரிசாராயம் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) இரண்டு ஸ்பூன் கலந்து சில நிமிடம் விடுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் சாற்றின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை போடலாம். உதிரி உதிரியாகத் திரிந்தால் முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம். சோதித்த சாற்றைக் கொட்டிவிடுங்கள், வாயில் வைக்கக் கூடாது. பிறகு 105 டிகிரி செல்சியஸ் வரும்வரை காய்ச்சி, கரண்டியிலிருந்து சொட்டாக விழாமல் தகடுபோல் வழிந்தால் இறக்குங்கள். விற்பனைக்கு என்றால் கரைதிடம் (சர்க்கரை போலக் கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை அளக்கச் சின்ன ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புளிப்பு அதிகம் என்பதால் அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வர்தான்.

களா ஒரே நாளில் மொத்தமாகப் பழுக்காது. நாலைந்து தடவை பறிக்க வேண்டியிருக்கும், பழுத்ததும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே ஜெல்லியை மட்டும் நம்பாதீர்கள்: பச்சைக்காய் ஊறுகாய்க்கு, செங்காய் ஜெல்லிக்கு, கறுத்தது ஸ்குவாஷுக்கு. (பேக்கரி கேக் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்புச் 'செர்ரி'யும் பெரும்பாலும் சாயம் ஏற்றிய களாக்காய்தான்!) காயின் பால் கையில் பிசுபிசுக்கும், எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

செடியைப் பெருக்க விதை போடுவதென்றால் பழத்திலிருந்து எடுத்த கையோடு விதையுங்கள், வைத்திருந்தால் முளைப்பு போய்விடும். நாற்றுச்செடி காய்க்க மூன்று வருடம் பிடிக்கும். உங்கள் வேலியிலேயே நன்றாகக் காய்க்கும் செடியைப் பார்த்து விண்பதியம் (கிளையிலேயே வேர்விட வைத்து, பிறகு வெட்டி நடுவது) போடுவதைத்தான் நான் சொல்வேன்.

அப்புறம் அந்த லேபிள். ரசாயனம் போடவில்லை என்பது மட்டும் போதாது. அக்கம்பக்கத்தில் இதே முறையில் விவசாயம் செய்பவர்களோடு ஐந்து பேராவது சேர்ந்து பி.ஜி.எஸ். (விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் முறை) குழுச் சான்று பெறலாம். இல்லையென்றால் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அங்கக (ஆர்கானிக்) சான்றளிப்புத் துறையில் பதியலாம். களா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாற்றுக் காலம் (இயற்கை முறைக்கு மாறியபின் முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திருக்கும் காலம்) பொதுவாக மூன்று வருடம்.

பலரும் கோட்டைவிடுவது இன்னொன்று. ஆர்கானிக் என்று விற்கும் பொருளில் தண்ணீரும் உப்பும் நீங்கலாகக் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற பொருளாக இருக்க வேண்டும். ஜெல்லியில் பாதிக்கு மேல் சர்க்கரைதானே? கடைச் சர்க்கரை போட்டால், பழம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த ஜெல்லி ஆர்கானிக் ஆகாது. சான்று பெற்ற சர்க்கரையின் விலையைச் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு லேபிள் அச்சடியுங்கள்.