பி.காம் முடித்துவிட்டு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் வேலைக்கு எப்படித் தயாராவது? ஒன்றரை லட்சம் ரூபாய் ஆன்லைன் கோர்ஸ் அவசியமா?

கம்பெனிகளுக்குப் பங்கு விற்றுப் பணம் திரட்டித் தரும் இந்த வேலைக்குக் கோர்ஸ் அவசியமில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் கட்டிய பிறகுதான் யோசித்தேன். "வட்டியில்லாத் தவணை" என்று சொல்லி, அப்பா பெயரில் ஒரு பர்சனல் லோன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பாதி வகுப்பில் வாத்தியார் நின்றுவிட்டார், தவணை நிற்கவில்லை.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. தமிழ் வழிப் பள்ளி, சாதாரணக் கல்லூரி, வீட்டில் யாருக்கும் இந்தத் துறை தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன். என் நிலைமை அதுதான், உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு. ஒருவேளை ஐ.ஐ.எம். விடுதியில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்றால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருடம் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்புக்கான பயிற்சி) செய்தவன். சி.ஏ. ஃபைனலில் ஒரு குரூப் இன்னும் பாக்கி (கமெண்ட்டில் அதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம், எனக்கே தெரியும்). அப்புறம் சென்னையில் ஒரு கே.பி.ஓ.வில் (வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து ஆய்வு வேலை செய்து தரும் இடம்) இரண்டு வருடம். நியூயார்க்கில் இருக்கும் பேங்கர் சாயங்காலம் கிளம்பும்போது கேட்பதை, அவர் மறுநாள் காலையில் வருவதற்குள் ஸ்லைடாக்கி அனுப்ப வேண்டும். முக்கால்வாசி நேரம் காம்ப்ஸ் அட்டவணைதான். ஒரே தொழிலில் இருக்கும் பத்துக் கம்பெனிகளை எடுத்து, பங்குச் சந்தை மதிப்போடு கடனைக் கூட்டி, ரொக்கத்தைக் கழித்து, வருகிற தொகை எபிட்டாவுக்கு (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) எத்தனை மடங்கு என்று போடுவது. "அதெல்லாம் நிஜமான இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் இல்லை, பேக் ஆஃபீஸ்" என்று சொல்பவர்கள் இந்தத் தளத்திலேயே நிறைய உண்டு. சரி, இல்லை என்றே இருக்கட்டும். ஆனால் எனக்கு எக்செல் கையில் வந்தது அங்கேதான், கோர்ஸில் இல்லை.

மும்பையில், அந்தேரியில், ஒரு சின்ன மெர்ச்சன்ட் பேங்கர் (கம்பெனிகளின் பங்கு வெளியீட்டை நடத்தித் தரும் நிறுவனம்) இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். முதல் கேள்வியே, "தேய்மானம் 100 ரூபாய் கூடினால் மூன்று ஸ்டேட்மென்ட்டிலும் என்ன ஆகும்?" லாப நஷ்டக் கணக்கு, ரொக்க ஓட்டம், பேலன்ஸ் ஷீட், இவைதான் அந்த மூன்று. நான் உடனே, "லாபம் 100 குறையும், ரொக்கத்தில் ஒன்றும் ஆகாது" என்றேன். எதிரே இருந்தவர், "வரியை யார் கட்டுவது?" என்றார். மூன்று வருடம் டாக்ஸ் ஆடிட் செய்தவனுக்கு வரி மறந்துபோனது. 25 சதவீத வரி என்றால் லாபம் 75தான் குறையும். தேய்மானத்துக்காகக் கையிலிருந்து பணம் போகாது, வரியும் 25 குறைவதால் ரொக்கம் 25 கூடும். பேலன்ஸ் ஷீட்டில் சொத்து 100 குறைந்து ரொக்கம் 25 கூடி, இரண்டு பக்கமும் 75 குறைந்து டாலி ஆகும். பேப்பர் கேட்டு வாங்கி எழுதிக் காட்டினேன். தப்புக்கு அப்புறம் பேப்பர் கேட்டதற்காகத்தான் எடுத்தோம் என்று பின்னால் சொன்னார்கள்.

இனி, நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத விஷயம். 2017இல் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் எஸ்.எம்.இ. ஐ.பி.ஓ. (சிறு, நடுத்தரக் கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) எங்களிடம் வந்தது. இந்த எஸ்.எம்.இ. வெளியீடுகளில் மொத்தத்தையும் அண்டர்ரைட் செய்தாக வேண்டும், அதில் குறைந்தது 15 சதவீதம் மெர்ச்சன்ட் பேங்கரின் சொந்தக் கணக்கில். பங்கு விற்காவிட்டால் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் எங்கள் பாஸ் தூங்கவில்லை, எங்களையும் தூங்கவிடவில்லை. வரைவு ஆவணத்தில் வெளியீட்டு விலைக்கான அடிப்படை என்று ஒரு பகுதி வரும். அதில் போட்டிக் கம்பெனிகளோடு ஒப்பிடும் அட்டவணையைப் போட்டது நான்.

ஃபைல் செய்வதற்கு முந்தின நாள் திருப்பூரில் ஓனரின் ஆபீஸ். அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, விரலை வரி வரியாக நகர்த்திப் படித்தார். என் அட்டவணையில் விரல் நின்றது.

"ஏனுங் தம்பி, நாம வருசத்துக்கு 86 கோடி பண்றோம். இவங்க 21 கோடின்னு போட்டிருக்கீங்க. அவங்க கரண்ட் பில்லே அதுக்கு மேல இருக்குமுங்களே?"

எனக்குக் குப்பென்று வியர்த்தது. போட்டிக் கம்பெனியின் ஆண்டறிக்கை மில்லியனில் இருந்தது, எங்கள் ஆவணம் லட்சத்தில். 2,140 மில்லியனை 2,140 லட்சம் என்று அப்படியே ஒட்டியிருந்தேன். 214 கோடி 21 கோடியாகிவிட்டது. நான், எனக்கு மேல் அசோசியேட், அவருக்கு மேல் வைஸ் பிரசிடென்ட், வக்கீல் என்று நான்கு பேர் பார்த்த பக்கம் அது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. எக்செல்லுக்கு அந்தக் கம்பெனியின் வாசலில் எத்தனை லாரி நிற்கும் என்று தெரியாது, ஓனருக்குத் தெரியும். ராத்திரி எல்லா அட்டவணையையும் முதலிலிருந்து சரிபார்த்தோம். ஓனர் எங்கள் பாஸிடம் சொல்லவில்லை, டீயும் பன்னும் வாங்கிவரச் சொன்னார்.

"வேலை நேரம் எப்படி?" என்றும் கேட்டிருந்தீர்கள். நேரம்கூடப் பரவாயில்லை, மும்பையில் வீடு தேடுவதுதான் கொடுமை. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். அதைக் கொடுத்துவிட்டுப் போனால், சொசைட்டி செயலாளர், "நான்வெஜ்ஜா? பேச்சிலரா?" என்று கேட்டுக் கதவைச் சாத்துகிறார். ஒரு இடத்தில் முட்டைக்கே தனியாகக் கேள்வி வைத்தார்கள். நூறு கோடி ரூபாய் வெளியீட்டில் என்னை நம்புகிறார்கள், அடுப்பில் நம்பமாட்டேன் என்கிறார்கள். கடைசியில் மாட்டுங்காவில் நம் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் மூன்றாவது ஆளாகத் தங்கினேன். சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

தயாராவதற்கு நான் சொல்வது ஒன்றுதான். செபி (பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இணையதளத்தில் ஐ.பி.ஓ. ஆவணங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. ஒன்றை எடுங்கள். நான் ஸ்டார் ஹெல்த்தைச் சொல்வேன். சென்னையில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி, 2021 டிசம்பரில் வந்தது, விலை 870 முதல் 900 ரூபாய். அந்தக் காலத்தில் பெரும்பாலான ஐ.பி.ஓ.க்களை அள்ளிக்கொண்டு போனார்கள், இதற்கு 79 சதவீதம்தான் விண்ணப்பம் வந்தது. பழைய பங்குதாரர்கள் விற்கும் பகுதியைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஏன்? கொரோனா வருடத்தில் க்ளெய்ம் என்ன ஆனது, அந்த விலைக்கு எந்தக் கம்பெனியோடு ஒப்பிட்டார்கள் என்று ஆவணத்தை வைத்துக்கொண்டு நீங்களே இரண்டு பக்கம் எழுதுங்கள். முதல் தடவை ஒரு மாதம் ஆகும், பாதி வார்த்தை புரியாது. எனக்கும் புரியவில்லை.

சி.எஃப்.ஏ. (நிதித் துறைக்கான ஒரு சான்றிதழ்த் தேர்வு) முதல் லெவல் எழுதலாமா என்றால், எழுதுங்கள், கெடுதல் இல்லை. ஆங்கிலம் பயமென்றால், ஆவணத்தின் ரிஸ்க் ஃபேக்டர் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். எழுதி முடித்த இரண்டு பக்கத்தை எனக்கு மெசேஜில் அனுப்பினால் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும். அட்டவணைக்கு மேலே லட்சமா மில்லியனா என்று எழுதி அனுப்புங்கள்.