உங்கள் கணவர் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை?

கேள்வி: மகனை இந்த வருடம் யாழ்ப்பாண நகரத்தில் பெயர்பெற்ற ஓர் அரசாங்கப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்த்தோம். சேர்க்கும்போது கட்டட நிதி என்று ஒன்றரை இலட்சம் கேட்டார்கள். என் காப்பு இரண்டையும் அடகு வைத்துக் கொடுத்தோம். பற்றுச்சீட்டு தரவில்லை. பிறகு வகுப்பறைக்கு வர்ணம் பூச, மின்விசிறி பூட்ட, புரொஜெக்டர் வாங்க என்று தவணைக்குத் தவணை காசு. இப்போது நீச்சல் தடாகத்துக்கு 25,000 ரூபா கேட்டு மகனின் கொப்பிக்குள் கடிதம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வான் காசு வேறு. இவருக்கு ஆசிரியர் சம்பளம்தான். வீட்டிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் உள்ள பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அங்கே முதலாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள்தான் என்பதால் நாங்கள் அதை யோசிக்கவில்லை. இலவசக் கல்வி என்று சொல்லிக்கொண்டு இப்படிப் பிடுங்குவது நியாயமா? கட்டாவிட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, கோண்டாவில்

பதில்:

தங்கச்சி, நியாயமா என்று கேட்டீர்கள். நியாயமில்லை. அரசாங்கப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்கக் காசு கேட்கக் கூடாது என்று கல்வி அமைச்சு எத்தனையோ தடவை சுற்றுநிருபம் அனுப்பிவிட்டது. வசதிகள் சேவைக் கட்டணமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அங்கத்துவப் பணமும் உண்டு. அவை சிறிய தொகை. 1960இல் அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றபோது வெளியே நின்ற சில கல்லூரிகள் இங்கே தனியார் பாடசாலைகளாக நடக்கின்றன. அந்தக் கதை வேறு. உங்களிடம் வாங்கியது எந்தக் கணக்கிலும் சேராத காசு.

இதே கடிதம் எனக்கு மாதத்துக்கு நாலைந்து வருகிறது. ஊரும் தொகையும்தான் மாறும். உங்கள் கடிதத்தை நான் தனியாக எடுத்து வைத்தது வேறொரு வரிக்காக. காப்புக்கும் மின்விசிறிக்கும் இத்தனை வரி எழுதிவிட்டு, நடுவில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: உங்கள் கணவர் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் சைக்கிளில் ஐந்து நிமிடம், அங்கே ஏழு பிள்ளைகள்தான், அதனால் நீங்கள் யோசிக்கவில்லை.

ஏன் யோசிக்கவில்லை?

இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பு நன்றாக நடக்கிறதென்றால் உங்கள் மகன் அங்கே இருந்திருக்க வேண்டும். நன்றாக நடக்கவில்லை என்றால், நடத்த வேண்டியவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவருடைய சம்பளம் வானத்திலிருந்து விழவில்லை. அந்த ஏழு பிள்ளைகளில் ஒன்றின் தகப்பன் விடிய எழும்பித் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கப் போகிறவராக இருப்பார். அவர் சவர்க்காரம் வாங்கினாலும் கைபேசிக்கு ரீலோட் போட்டாலும் நூற்றுக்கு 18 வற் வரி கட்டுகிறார். அந்தக் காசும் சேர்ந்துதான் உங்கள் வீட்டுக்கு மாதச் சம்பளமாக வருகிறது. அவருடைய பிள்ளைக்குப் போதும் என்று நீங்கள் நினைக்கிற பள்ளிக்கூடம் உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் போதாமல் போனது? கணவரிடம் கேளுங்கள். இன்றைக்கே, சாப்பாட்டுக்கு இருக்கும்போது கேளுங்கள்.

என் ஐயா வடமராட்சியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். ஓலைத் தட்டியால் மறித்த வகுப்புகள், மணிக்குப் பதிலாகக் கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டு. நாங்கள் நான்கு பேரும் அங்கேதான் படித்தோம். என் வாங்கில் பக்கத்தில் இருந்தவளின் தகப்பன் கடற்றொழிலாளி. முதல் நாள் அவளைக் கொண்டுவந்து விட்டவர், சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று, “வாத்தியார், உங்கட பிள்ளை இருக்கிற வாங்கிலேயே இவளையும் இருத்திவிடுங்கோ” என்றார். ஐயா இருத்தினார். ஐந்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. நானும் ஆசிரியையாகி வகுப்பில் நின்ற பிறகுதான் அந்த மனிதர் எவ்வளவு சரியாகக் கணக்குப் பார்த்தார் என்று விளங்கியது. வாத்தியாரின் பிள்ளை உள்ள வகுப்பில் கூரை ஒழுகினால் வாத்தியார் சும்மா இருக்க மாட்டார். பாடம் நடக்காவிட்டால் அதிபரிடம் போவார்.

உங்கள் கணவரின் பள்ளிக்கூடத்து ஏழு பேருக்கும் அந்த உறுதி இல்லை. எட்டாவது பிள்ளை தினமும் காலையில் வான் ஏறி நகரத்துக்குப் போகிறான்.

ஏழு பேர்தான் என்று சொன்னீர்களே, அது ஏன் ஏழானது? பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்பதைப் பிள்ளைகளின் தொகையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். தர உள்ளீட்டு நிதி என்று கற்பித்தல் பொருட்களுக்கு வருகிற காசும் தலைக் கணக்கில்தான் வருகிறது. ஒரு பிள்ளை போனால் காசு குறையும், பத்துப் பிள்ளை போனால் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் மிச்சப் பிள்ளைகளும் போகும். அப்படிப் போய்ப் போய் வடக்கில் எத்தனை பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. முதலில் போவது வசதியுள்ளவர்களின் பிள்ளைகள். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை போனால் ஊர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். வாத்தியாரே தன் பிள்ளையை விடவில்லையாம் என்ற ஒரு கதை, இருபது பிள்ளைகளைக் கொண்டுபோய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். முதலாம் வகுப்பு அனுமதியில் அருகில் வசிப்பவர்களுக்குத்தான் பெரும்பங்கு. உங்கள் வீட்டுக்கும் கேட்கிற பாடசாலைக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் புள்ளி குறைப்பார்கள். கோண்டாவிலிலிருந்து நகரம் வரைக்கும் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று வீதி நெடுக எண்ணிக்கொண்டு போய்ப் பாருங்கள். அப்படியிருந்தும் இடம் கிடைத்ததென்றால், அந்த ஒன்றரை இலட்சம் எந்தக் கட்டடத்துக்கும் கொடுத்த காசு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். பற்றுச்சீட்டு தரவில்லை என்று எழுதினீர்கள். கேட்டோம் என்று எழுதவில்லை. இடத்துக்காகக் காசு வாங்குவது இலஞ்சம். சட்டத்தில் கொடுப்பதும் குற்றம்தான். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பிடுங்கினார்கள் என்ற சொல்லை நீங்கள் இவ்வளவு இலகுவாக எழுதியது எனக்குப் பொறுக்கவில்லை. அதே இடத்துக்கு உரிமையுள்ள ஒரு பிள்ளை, பாடசாலை மதிலுக்குப் பின்னாலேயே வசிக்கிற பிள்ளை, வேறெங்கோ போயிருக்கும்.

இலவசக் கல்வி என்ற பேச்சுக்கு வருவோம். 1945க்கு முன் இங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்ட வேண்டும். தோட்டக் காணியை ஈடு வைத்து மூத்த மகனை மட்டும் படிப்பித்து, மற்றவர்களை மண்வெட்டியோடு விட்ட குடும்பங்கள் எங்கள் ஊர்களில் எத்தனை! அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா தலைமையிலான குழு 1943இல் அறிக்கை கொடுத்து, 1945இல் கட்டணம் ஒழிந்தது. 1980இல் பாடநூல் இலவசமாயிற்று, 1993இல் சீருடைத் துணி. இதெல்லாம் தானம் இல்லை. நாட்டில் எல்லோரும் வரியாக முன்கூட்டியே கட்டிவிட்ட காசு. அன்றைக்குக் காணி, இன்றைக்கு உங்கள் காப்பு. பிள்ளையைப் படிப்பிக்க வீட்டுச் சொத்தை ஈடு வைக்கிற பழக்கம் போக வேண்டும் என்றுதான் அந்த மனிதர்கள் அவ்வளவு சண்டை பிடித்தார்கள்.

பாடசாலைக்குத் தேவை இருக்கிறதே, காசுக்கு எங்கே போவது என்று அதிபர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதமாவது கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 2015இல் உலக நாடுகள் தென்கொரியாவின் இஞ்சியோனில் கூடிச் சொல்லின. எங்கள் நாடு 2 வீதத்தைத் தொடவே கஷ்டப்படுகிறது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 6 வீதம் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெற்றோர்களாகிய நீங்கள் அன்றைக்கு அவர்களுக்குப் பின்னால் நின்றீர்களா? நிற்கவில்லை. அரசாங்கம் குறைத்துத் தருகிற காசை உங்கள் கழுத்திலும் கையிலும் இருந்து கழற்றி நிரப்பிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். நிரம்புகிற வரைக்கும் எந்த அரசாங்கமும் கூட்டித் தராது. பள்ளிக்கூடம் பொது வரியில்தான் நடக்க வேண்டும். பணக்காரரிடம் கூடவும் ஏழையிடம் குறையவும் வாங்குகிற வரியில். வாசலில் நின்று பெற்றோரிடம் வாங்குவது ஏழையையும் பணக்காரரையும் ஒரே தொகையால் அடிக்கிறது.

நாங்களும் முந்திக் கொடுத்த ஊர்தானே, பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினோமே என்று சில பெரியவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். உண்மை. உலையில் போட அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே பிடி. அது அடுத்த வளவுப் பிள்ளையும் படிக்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அந்த அரிசியைக் காட்டி யாரும் தன் பிள்ளைக்கு இடம் கேட்கவில்லை. அதை இந்தக் கட்டட நிதிக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். கனடாவிலும் லண்டனிலும் உள்ள பழைய மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: வசதி இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே மேலும் மேலும் கொட்டுவதை நிறுத்தி, தாங்கள் அரிச்சுவடி படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது.

நீச்சல் தடாகக் காசைக் கட்டாதீர்கள். கொப்பிக்குள் வந்த அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அபிவிருத்திச் சங்கச் செயலாளருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: இந்தத் தொகை எந்தக் கூட்டத்தில் தீர்மானமானது, கூட்ட அறிக்கையின் பிரதி வேண்டும். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம். தருவோம், மாட்டோம் என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மற்றப் பெற்றோர்களில் நாலு பேரையாவது சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். தனியே போனால்தான் பிள்ளையை ஒதுக்குகிற துணிவு அவர்களுக்கு வரும். ஒன்றரை இலட்சத்தைப் பற்றி முறையிட இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அதற்கு முன் ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கள். உங்கள் பெயரும் அதில் வரும்.

பிள்ளையை அடுத்த தவணையோடு கணவரின் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுங்கள். அவனுக்கு ஆறு வயது. இரண்டு கிழமையில் பழகிவிடுவான். ஏழு பேருள்ள வகுப்பில் ஒரு பிள்ளை “ழ” எழுதத் தடுமாறினால் ஆசிரியை அன்றைக்கே கையைப் பிடித்து எழுதுவிப்பார். பிறகு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காதே என்பீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை அதற்குத்தான் இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் பெரிய பாடசாலைக்குப் போகலாம், காசு கொடுக்காமல். வான் காசு மிஞ்சும். அதைக் கொண்டு காப்பை மீட்கலாம். கணவர் தகப்பனாக அங்கே அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று கதைக்கட்டும்.

நகரப் பாடசாலையில் விடுகைப் பத்திரம் கேட்கும்போது, மின்விசிறிக் காசு நிலுவை, தடாகக் காசு நிலுவை என்று ஏதாவது சொல்வார்கள். கொடுக்காதீர்கள். என்ன நிலுவை என்பதை எழுத்தில், அதிபரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் தரச் சொல்லுங்கள். தராமல் விடுகைப் பத்திரத்தை மறித்தால் நேரே வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.