தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கிக்குத் தோட்டத்து மரத்தில் கட்டை போடலாமா?

வணக்கம் நண்பரே. ஏற்காட்டில் தாத்தா விட்டுப்போன 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதி, கைப்பிடிக் கழுத்தில் விரிந்துவிட்டது, தோட்டத்து சில்வர் ஓக்கை அறுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது காப்பிக்கு நிழல் தரட்டும். உதைப்பு முழுக்க இறங்குவது அந்த மெல்லிய கழுத்தில்தான். தேக்கின் எண்ணெய்ப் பசையில் கோந்து சரியாகப் பிடிக்காது, ஈட்டி மரம் கனம். வால்நட்தான் எடை குறைவு, வடிவமும் மாறாது. ரேகை கழுத்தின் நீளவாக்கில் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். குறுக்கே ஓடினால் மறுபடி அங்கேதான் விரியும்.

நம் மலைப் பனி எந்த மரத்தையும் விடாது. ஒரு ஐப்பசியில் என் கட்டை ஊதி, இரும்போடு சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவு மேடாகிவிட்டது. தோளில் படும் முனையில் உள்ள பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்மரம் எண்ணெயே காணாத வெள்ளை! அங்கேயும் ஆளிவிதை எண்ணெய் தடவச் சொல்லுங்கள். ஃபைபர் கட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் தாத்தா துப்பாக்கிக்கு அது பொருந்தாத சட்டை.

அப்புறம், குழலில் பாம்புத்தோல் மாதிரி வரி தெரிகிறது என்றீர்களே, எனக்குக் கவலை அதுதான். இரும்பையும் எஃகையும் முறுக்கிக் காய்ச்சி அடித்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். பெரும்பாலும் கரிமருந்து என்ற பழைய வெடிமருந்துக் காலத்துச் சரக்கு. உள்ளே துரு அரித்திருந்தால் வெளியே தெரியாது. இன்றைய தோட்டாவை அதில் போடவே போடாதீர்கள். உரிமம் உள்ள துப்பாக்கி மிஸ்திரியிடம் காட்டி, குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரையைப் படிக்கச் சொல்லுங்கள்.

உரிமம் உங்கள் பேருக்கு மாறிவிட்டதா? இல்லையென்றால் முதலில் அந்த வேலை.