குழந்தைப்பேறின்மைச் சிகிச்சையில் ஆணுக்கு விந்துப் பரிசோதனை மட்டும் போதுமா?

போதாது என்றே என் அனுபவத்திலிருந்து சொல்வேன். திருமணமாகி மூன்று ஆண்டுகளாகியும் பிள்ளை இல்லாததால் நானும் மனைவியும் யாழ்ப்பாணத்தில் சிகிச்சை பெற்றோம். அவருக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கான், கருக்குழாய்ச் சோதனை என்று ஓராண்டுக்கு மேலாக எல்லாம் நடந்தன. எனக்கோ இரண்டு தடவை விந்துப் பரிசோதனை, அணுக்கள் குறைவு என்ற அறிக்கை, விற்றமின் குளிசை, அவ்வளவுதான். ஒருவரும் என் விதைகளைத் தொட்டுப் பார்க்கவில்லை. கூச்சத்தால் நானும் கேட்கவில்லை.

பின்னர் நாங்கள் சந்தித்த வேறொரு வைத்தியர், சிறுவயதில் எனக்கு விதை விதைப்பைக்குள் இறங்காமல் இருந்ததா என்று கேட்டார். அங்கிருந்தே அம்மாவிடம் தொலைபேசியில் விசாரித்தபோதுதான், நான்கு வயதில் அதற்காகச் சத்திரசிகிச்சை நடந்தது எனக்கே தெரிந்தது. அந்த வைத்தியர் கையால் பரிசோதித்தபோது வலது விதையில் பயறளவில், நோவே இல்லாத ஒரு கட்டி தட்டுப்பட்டது.

விதைப் புற்றுநோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், அதாவது பிள்ளைக்காகச் சிகிச்சைக்குப் போகும் வயதிலேயே வருகிறது. விந்தணு குறைந்த ஆண்களுக்கும், விதை இறங்காமல் பிறந்தவர்களுக்கும் அதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆயினும் அணுக்கள் குறைந்த எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களில் மிகச் சிலருக்கே இது வரும்.

கட்டி தட்டுப்பட்டால் அடுத்தது விதைப்பை அல்ட்ராசவுண்ட் ஸ்கான். அதனுடன் ஏஎஃப்பி, எல்டிஎச், பீட்டா எச்சிஜி ஆகிய இரத்தப் பரிசோதனைகள். விதைப் புற்றுநோயில் இரத்தத்தில் கூடக்கூடிய பொருட்கள் இவை. கடைசிப் பெயரைக் கேட்டதும் என் மனைவி மௌனமானார். கர்ப்பம் தரித்ததா என்று பார்க்க மாதந்தோறும் அவர் நம்பியிருந்த ஹோர்மோன் அதுவேதான். எனக்கு மூன்றும் சாதாரணமாகவே இருந்தன, ஆனால் அதனால் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது. விதைப்பை வழியாக ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதைத் தவிர்ப்பார்கள். கவட்டுப் பகுதியில் வெட்டி விதையை முழுமையாக அகற்றியே பரிசோதிப்பார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னரே விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்கலாமா என்று நீங்களாகவே கேளுங்கள், ஏனெனில் பின்னர் தேவைப்படக்கூடிய புற்றுநோய் மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் எஞ்சிய விதையையும் பாதிக்கலாம்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்நோய் பெரும்பாலும் முற்றாகக் குணமாகும். எனக்குச் சத்திரசிகிச்சையே போதுமாயிற்று. இப்போது கிளினிக்கில் தவணைப்படி ஸ்கான் பார்க்கிறார்கள். சேமித்த விந்தணுவைக் கொண்டு சிகிச்சையைத் தொடர அடுத்த மாதம் இருவரும் கொழும்புக்குப் போகிறோம்.