லேன் ஒயர் இழுக்கலாமா, வைஃபையே போதுமா?

வீட்டு இணைய இணைப்பு பற்றி வாசகர்கள் கேட்டவையும், எங்கள் தொழில்நுட்பப் பகுதி தரும் பதில்களும்.

கேள்வி: டிவி, மேசைக் கணினி, கேம் கன்சோல், இரண்டு லேப்டாப், நான்கைந்து போன். எல்லாமே வைஃபையில்தான் ஓடுகின்றன. எதெதற்குக் கேபிள் போட்டால் பலன் தெரியும்?

பதில்: இடம் மாறாத சாதனம், நிறைய டேட்டா இழுக்கும் சாதனம். இந்த இரண்டும் ஒன்றாக அமைந்தால் தயங்காமல் கேபிள் போடுங்கள். டிவி, மேசைக் கணினி, கன்சோல், கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுப் பெட்டி, நாஸ் பெட்டி (வீட்டுக் கோப்புகளை நெட்வொர்க்கில் சேமித்து வைக்கும் பெட்டி) எல்லாம் இந்த வகை. போனும் டேப்லெட்டும் வைஃபையிலேயே இருக்கட்டும். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் அனுப்புவது சொற்ப டேட்டா. அவற்றில் லேன் போர்ட்டும் இருக்காது. பிரின்டர் ரௌட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் கேபிள் மாட்டிவிடுங்கள். தூங்கப் போன பிரின்டர் வைஃபையில் எழுந்து வராமல் அடம்பிடிக்கும் தொல்லை தீரும்.

கேபிளின் பலன் அதை மாட்டிய சாதனத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மாட்டாத சாதனங்களுக்குத்தான் பல வீடுகளில் பெரிய லாபம். ஒரு வைஃபை சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வைஃபை 6 இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது, ஒழித்துவிடவில்லை. சிக்னல் நலிந்த சாதனம் அதே டேட்டாவை அனுப்பப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். மூலை அறை டிவியில் 4கே படம் ஓடும்போது, ரௌட்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பவரின் வீடியோ அழைப்பு திக்குவது இதனால்தான். அந்த டிவிக்குக் கேபிள் போனால் போன் தானாகச் சரியாகும். ஸ்விட்சில், அதாவது பல லேன் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டியில், மாட்டிய சாதனங்களுக்கு இந்த வரிசையே கிடையாது. ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும்.

கேள்வி: எங்கள் இணைப்பு 300 எம்பிபிஎஸ். லேப்டாப்பில் வைஃபை வழியாக 280 வருகிறது. கேபிள் மாட்டினால் 94-ஐத் தாண்டவில்லை. கேபிள்தான் வேகம் என்கிறார்களே?

பதில்: 94 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. கேபிளின் இரு முனைகளும் 1000-க்குப் பதிலாக 100 எம்பிபிஎஸ்ஸில் கைகுலுக்கியிருக்கின்றன. பாக்கெட்டுகளின் முகவரித் தகவலுக்குப் போனது போக ஸ்பீட் டெஸ்டில் 94, 95 மிஞ்சும். ஜிகாபிட்டில் சரியாக இணைந்தால் இதே கணக்கில் 940 வரை கிடைக்கும்.

லேன் கேபிளுக்குள் 4 ஜோடி, அதாவது 8 கம்பிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஏதோ ஒன்று சரியாகத் தொடாவிட்டால் பெரும்பாலான சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் ஓடிக்கொண்டே இருப்பதால் வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் ஈத்தர்நெட் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு வேகம் தெரியும். 100 என்று இருந்தால் முதலில் ஒரு ரெடிமேட் கேபிளை எடுத்து, லேப்டாப்பை ரௌட்டருக்கு அருகிலேயே வைத்து மாட்டிப் பாருங்கள். 1000 வந்தால் குற்றவாளி பழைய கேபிள், பெரும்பாலும் அதன் பிளக். வராவிட்டால் ரௌட்டரின் வேறு போர்ட்டில் மாட்டுங்கள். எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட்டாக இல்லாத ரௌட்டர்கள் உண்டு. லேப்டாப்பில் யுஎஸ்பி அடாப்டர் வழியாக மாட்டுகிறீர்கள் என்றால் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 100 எம்பிபிஎஸ் அடாப்டர்கள் இன்னும் விற்கின்றன. ஜிகாபிட் என்று எழுதியிருந்தாலும் யுஎஸ்பி 2.0 என்றால் 300 சொச்சத்தோடு நின்றுவிடும். யுஎஸ்பி 3 அடாப்டர்தான் முழு வேகம் தரும்.

டிவி விஷயம் தனி. பல ஸ்மார்ட் டிவிகளில், விலை உயர்ந்தவற்றில்கூட, லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். டிவியில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி கேபிளைத் திட்டாதீர்கள். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு 25 எம்பிபிஎஸ் தாராளம். 100 போதாமல் போவது ஒரே இடத்தில்: 4கே புளூ-ரே டிஸ்க்கின் முழு நகலை நாஸிலிருந்து ஓட்டும்போது சில காட்சிகள் 100-ஐத் தாண்டும், படம் நிற்கும். அங்கே மட்டும் நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கேபிளை வென்றுவிடும்.

கேள்வி: வீட்டுக்கு மறுபடி ஒயரிங் செய்கிறோம். கேட் 5இ, 6, 6ஏ, 7, 8 என்று அடுக்குகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கேட் 6. இதற்கு மேல் யோசிக்க வேண்டிய வீடுகள் குறைவு. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ்ஸையும் 2.5 ஜிபிபிஎஸ்ஸையும் தாங்கும். ஏற்கெனவே சுவருக்குள் இருந்தால் பிடுங்க வேண்டாம். கேட் 6-ல் 10 ஜிபிபிஎஸ் 55 மீட்டர் வரை போகும், வீட்டுக்குள் அதைவிட நீளமான ஓட்டம் அபூர்வம். கேட் 6ஏ அதையே 100 மீட்டருக்குக் கொண்டுபோகும், ஆனால் தடிமன் அதிகம், பைப்புக்குள் வளைத்து இழுப்பது சிரமம். கேட் 8 டேட்டா சென்டர்களில் 30 மீட்டருக்குள் பயன்படுத்துவதற்கானது. வீட்டில் அதை மாட்டிக் கிடைக்கும் கூடுதல் வேகம் பூஜ்யம்.

எண்ணைவிட உலோகம் முக்கியம். வாங்கும்போது சிசிஏ என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. மின்தடை அதிகம், நாலு தடவை வளைத்தால் முறியும், கேமராவுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறையில் சூடேறும். சந்தேகம் வந்தால் ஒரு கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம்.

சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பியாக இருக்கும் சாலிட் கேபிள். சுவரிலிருந்து சாதனத்துக்குப் போவது பல இழை கொண்ட பேட்ச் கார்டு. கணக்கு: 90 மீட்டர் சாலிட், 10 மீட்டர் பேட்ச், மொத்தம் 100. மின் ஒயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் திணிக்கக் கூடாது. இரைச்சல் ஒருபுறம் இருக்கட்டும், மின் ஒயரின் காப்பு உரிந்தால் 230 வோல்ட் உங்கள் கணினிக்கு வந்து சேரும். தனிப் பைப் போடுங்கள், மின் பைப்பிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி. குறுக்கே போக நேர்ந்தால் செங்கோணத்தில் கடந்து போகட்டும். டிவி இருக்கும் இடத்துக்கு ஒன்றுக்கு இரண்டு கேபிளாக இழுத்து வைப்பது நல்லது; கேபிளின் செலவைவிடச் சுவரை மறுபடி உடைக்கும் செலவு எப்போதும் அதிகம். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள், நாளை இழுக்க உதவும்.

கேள்வி: கேபிள் முனையில் பிளக்கை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங்கை நானே செய்கிறேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, ஆனால் வேகம் ஏறி இறங்குகிறது. ஏன்?

பதில்: டெஸ்டர் பார்ப்பது 1 போய் 1-ல் சேருகிறதா என்பதை மட்டும். ஜோடி பிரிந்திருப்பது அதற்குத் தெரியாது. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று வரிசையாக ஜோடி ஜோடியாக இரு முனைகளிலும் அடுக்கியிருந்தால் விளக்கு எல்லாம் எரியும், ஆனால் 3-ம் 6-ம் வெவ்வேறு முறுக்குகளுக்குள் போய்விடும். ஒரு ஜோடியாக முறுக்கி வருவதால்தான் கம்பிகள் இரைச்சலை ரத்து செய்கின்றன. பிரிந்தால் டேட்டா சிதையும்.

கம்பிகளை அடுக்கும் நிலையான முறையான 568பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடிக்கு நடுவே நீல ஜோடி உட்காருவதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிளக்கின் பிடி கீழே இருக்கும்படி பிடித்து இடமிருந்து எண்ணுங்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் அவிழ்க்காதீர்கள். வெளியுறை பிளக்குக்குள் நுழைந்து நசுங்க வேண்டும். வெறும் கம்பிகள் வெளியே தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். சாலிட் கேபிளுக்கு ஏற்ற பிளக் வேறு, இழைக் கேபிளுக்கு வேறு. சுவர் முனையில் பிளக்கைவிட கீஸ்டோன் ஜாக் (சுவர்த் தகட்டில் பொருந்தும் லேன் சாக்கெட்) அடிப்பதே எங்கள் சிபாரிசு, தவறு குறைவு.

கேள்வி: ஆன்லைன் கேமில் லேக். கேபிள் மாட்டினால் தீருமா?

பதில்: பாதி வீடுகளில் தீரும். எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க ரௌட்டருக்கே பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று அளக்கும் கட்டளை) அடியுங்கள், 192.168.1.1 போன்ற அதன் முகவரிக்கு, ஒரு நூறு தடவை. கேபிளில் எல்லாம் 1 மில்லிசெகண்ட் அல்லது அதற்குள். வைஃபையில் சாதாரணமாக 2 முதல் 5 வரும். நடுநடுவே 80, 150 என்று துள்ளினால் கோளாறு காற்றில் இருக்கிறது, கேபிள் போட்டால் சரியாகும். ரௌட்டர் வரை சீராக இருந்து, வீட்டில் வேறொருவர் பெரிய கோப்பு அப்லோடு செய்யும்போது மட்டும் கேம் தொங்கினால் நெரிசல் ரௌட்டருக்கு வெளியே போகும் வழியில். அதற்குக் கேபிள் மருந்தல்ல. ரௌட்டரில் நெரிசலை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோடு வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள்.

கேள்வி: மாடி அறைக்குக் கேபிள் இழுக்க வழியே இல்லை. ரிப்பீட்டர் போதுமா?

பதில்: போனில் செய்தி படிக்கப் போதும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு அதை சிக்னல் செத்த அறைக்குள்ளேயே மாட்டுவது. வாங்கக் கிடைத்தால்தானே கொடுக்கும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் -65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம்) அளவில் இருக்கும் இடத்தில் மாட்டுங்கள்; -75-க்குக் கீழே போன இடம் ஆகாது. ரௌட்டரோடு பேசத் தனி ரேடியோ வைத்திருக்கும் மூன்று பேண்டு மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் முறை) இதைவிட எவ்வளவோ மேல்.

வீட்டு மின் ஒயர் வழியாகவே டேட்டா அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் ஒரு வழி. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் கால்வாசி வந்தாலே அதிர்ஷ்டம். நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். சர்ஜ் புரொடெக்டர் உள்ள நீட்டிப்புப் பெட்டி சிக்னலை விழுங்கிவிடும். இரண்டு அறைகளும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் இணைப்பு நலிந்து போகலாம், வராமலே போகலாம்.

படிக்கட்டு வழியாக ஒரே ஒரு கேபிளாவது மேலே ஏற்ற முடிந்தால் இவை எதுவும் வேண்டாம். மூலையில் கிடக்கும் பழைய ரௌட்டரை மாடியில் ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை மட்டும் பரப்பும் பெட்டி, ஆக்குங்கள். அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல முதல் ரௌட்டரோடு மோதாததாக மாற்றி, சாதனங்களுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வேன் போர்ட்டில் (வெளி இணைய இணைப்புக்கான போர்ட்) மாட்டாமல் லேன் போர்ட்டில் மாட்ட வேண்டும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு ரௌட்டரும் போட்டி போட்டு முகவரி வழங்கும், சில சாதனங்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு: 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.

கேள்வி: எங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அவ்வப்போது ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்பி வருகிறது.

பதில்: ரௌட்டர் 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ஒன்றில் இருக்கிறதா பாருங்கள். அவை ரேடாரோடு பங்கிடப்பட்டவை. ரேடார் போல ஏதாவது கேட்டால் ரௌட்டர் உடனே விலக வேண்டும், இதே வகைச் சேனலில் மறுபடி தொடங்குமுன் 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். 36, 40, 44, 48-ல் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

கேள்வி: புதிதாக ஒரு ஸ்விட்ச் மாட்டினோம். எல்லா விளக்கும் வெறிபிடித்த மாதிரி மினுக்குகிறது, வீடு முழுக்க நெட் செத்துவிட்டது.

பதில்: ஒரு கேபிளின் இரண்டு நுனியும் அதே ஸ்விட்சிலோ, அல்லது ஸ்விட்சுக்கும் ரௌட்டருக்கும் நடுவே இரண்டு கேபிளோ மாட்டியிருக்கும். செய்திகள் செக்குமாடாகச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் அடங்குகிறதோ அதுதான்.

கேள்வி: பின்கட்டில் தனியாக இருக்கும் அலுவலக அறை 40 மீட்டர் தள்ளி. வெளியில் லேன் கேபிள் போடலாமா?

பதில்: தூரம் பிரச்சினை இல்லை, இடிதான் பிரச்சினை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி ஓடினால், அருகில் மின்னல் விழும்போது இரு முனைகளுக்கும் நடுவே மின்னழுத்தம் பாய்ந்து ஸ்விட்சையும் கணினியையும் சேர்த்துக் கொல்லும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரு முனையிலும் பிளக் பொருத்தியே விற்கும், உலோகக் கவசமில்லாத வெளிப்புற ஃபைபர் கேபிளையும் ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டரையும் வாங்குங்கள். ஒருபக்கம் ஃபைபர், மறுபக்கம் சாதாரண லேன் போர்ட். ஃபைபர் நுனியை விரலால் தொடாதீர்கள், மாட்டும் வரை மூடி இருக்கட்டும்.

கேள்வி: லேப்டாப்பில் கேபிளும் வைஃபையும் சேர்ந்து இருந்தால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. விண்டோஸ் வழக்கமாகக் கேபிளையே தேர்ந்தெடுக்கும், வைஃபை சும்மா காத்திருக்கும். கேபிளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகும்போது நெட் உடனே கைமாற வேண்டும் என்றால் வைஃபையை அணைக்காமல் விடுங்கள்.